பட்டியல்ல இல்லீங்க

சன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேண்டாமுங்க. மலையப் பாத்துட்டே எறங்கினா எனக்குத் தல சுத்தும். சிரிக்காதீங்க. நானே மலையப் பத்திப் பாடம் எடுக்கறவன்தான். பதினாலு வருசமா எடுக்கறேன். இஞ்சினியரிங் காலேஜ்ல, சிவில் படிக்கற பசங்களுக்கு நிலவியல். எந்த மண்ணு மேல கட்டடம் நிக்கும், எந்தப் பாறை தாங்கும், பூகம்பம் வந்தா என்ன ஆகும், அதெல்லாம். அதுக்கு மலைய நேர்ல போயிப் பாக்கோணும்னு என்னங்க இருக்குது? எல்லாம் படத்துல தெளிவாவே இருக்குது.

மேட்டுப்பாளையம் வரைக்குங்களா? நானும் அங்கதான் எறங்கிக் கோயமுத்தூர் வண்டி புடிக்கோணும். காலைல அஞ்சே முக்காலுக்குக் கெளம்பினவன். எதுக்குங்கறீங்க? ஒரு கையெழுத்துக்கு. ஒரே ஒரு கையெழுத்துங்க. வாங்கிட்டேன். வாங்கிட்டு எதுக்குடா வாங்கினோம்னு உக்காந்துட்டு வர்றேன்.

எம் பேரு குழந்தைவேலுங்க. கெஸ்ட் லெக்சரர். கெஸ்டுன்னா ஒறம்பரைக்கு வந்தவன்னு அர்த்தம். பதினாலு வருசம் ஒருத்தன் ஒறம்பரை இருப்பானுங்களா? நான் இருந்துட்டேன். வருசா வருசம் ஜூன் மாசம் நிர்வாகத்துல ஒரு தாள் குடுப்பாங்க, கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் நம்ம உத்தியோகம். அந்தத் தாளுக்குத்தான் இப்ப வினை வந்திருக்குது.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். இல்லைன்னா என்னைத்தான் தப்பா நெனைப்பீங்க.

எங்கிட்ட இண்டர்நெட்ல ஒரு பக்கம் இருக்குதுங்க. நானே உண்டாக்கினது. பொறியியல் நிலவியல், நிலநடுக்க அபாயம், மாணவர்களுக்கான இணைய வளங்கள்னு தலைப்பு. எட்டு வருச உழைப்பு. அதுல இல்லாததே இல்லீங்க. இருநூத்திப் பன்னெண்டு லிங்க். உலகத்துல எங்க பூமி ஆடினாலும் கொஞ்ச நேரத்துல அமெரிக்காக்காரன் ஒரு பட்டியல்ல ஏத்திடுவான், அது மொதல்ல. டெல்லில நம்மவங்க வச்சிருக்கற பட்டியல் ரெண்டாவது. அப்பறம் பாறைப் படங்க, மண்ணு சோதனை வீடியோ, எந்த ஜில்லா எந்த நடுக்க மண்டலம்னு காட்டற மேப்பு, ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துக் கொழந்தைங்களுக்குப் போட்ட பொம்மைப்படம். மலைச்சரிவுக்குத் தனியா ஒரு பகுதி. ஒவ்வொண்ணுக்கும் கீழ தமிழ்ல ரெண்டு ரெண்டு வரி நானே எழுதி வச்சிருக்கேன். பசங்களுக்கு இங்கிலீசு தகராறு பாருங்க.

சும்மா போட்டு வச்சாப் போதாதுங்க. லிங்க் செத்துப் போகும். இன்னிக்குத் தொறக்கும், அடுத்த மாசம் தொறக்காது. அதனால ஞாயித்துக்கிழமையானா காலைல ரெண்டு தோசையத் தின்னுட்டு உக்காந்துருவேன். ஒண்ணுல இருந்து இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாப்பேன். முடிக்க சாயந்தரம் நாலு மணி ஆகும். போனைக் கவுத்து வச்சிருவேன், கல்யாணம் காச்சி எதுக்கும் போறதில்ல. எஞ் சம்சாரம் வசந்தாமணி, "செத்ததுக்கெல்லாம் நீங்க ஒருத்தரே போயித் துக்கம் கேட்டுட்டு இருங்க"ன்னு கேலி பேசுவா. பேசட்டும். பக்கத்துக்கு அடில எத்தன பேரு பாத்தாங்கன்னு ஒரு எண்ணு ஓடும். எட்டு வருசத்துல ஆறாயிரம் சொச்சம். அதுல முக்காவாசி நானேதான், அது வேற கதை.

ஒரு பையனும் படிக்க மாட்டானுங்க. பரிட்சைக்கு மொத நாள் "சார், முக்கியமான கேள்வி மட்டும் சொல்லுங்க"ன்னு வருவாங்க. பக்கத்துல இருக்குது கண்ணு, படின்னு சொல்லுவேன். என்ன கேட்டாலும் அதான் பதில். பக்கத்துல இருக்குது, படி. பசங்க எனக்குப் பட்டப் பேரே 'பக்கத்துல'ன்னு வச்சிருக்கறாங்கன்னு பியூன் சொன்னாரு.

அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு புள்ள படிச்சுதுங்க. தயாளினின்னு பேரு. ரெண்டாவது வருசம். கோத்தகிரிக்கு அக்கட்டால தேன்கல்கொம்பைன்னு ஒரு எஸ்டேட்டு, அங்க லைன் வீட்டுல இருக்கற குடும்பம். லைன் வீடு தெரியுமுங்களே, தேயிலை பறிக்கறவங்களுக்கு வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டி விட்டிருப்பாங்களே, அது. அப்பா செல்லையா. அவங்க அப்பாரு காலத்துல சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க. காலேஜுக்கு வந்த மொத புள்ள அந்த லைன்லயே இவதான்.

போன ஐப்பசில மழை எப்படி அடிச்சுதுன்னு தெரியுமுங்கல்ல. அதுல ஒரு திங்கக்கிழமை. வகுப்பு முடிஞ்சு டஸ்டரைத் தட்டிட்டு இருக்கேன், இந்தப் புள்ள வந்து நிக்குது.

"சார், நேத்து சாயந்தரம் எங்க லைன்ல தரை ஆடுச்சாம். அம்மா போன் பண்ணுச்சு. பாத்திரம் எல்லாம் கடகடன்னுச்சாம். அதுல இருந்து கதவு சாத்த மாட்டேங்குதாம் சார். பூகம்பமா சார்?"

டஸ்டரைக் கீழ வச்சுட்டேனுங்க. பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாத்தான் இருந்துது. பதினாலு வருசமா சிலியில ஆடுச்சு, துருக்கில ஆடுச்சுன்னு அடுத்தவன் ஊருப் பூகம்பத்தையே பாடம் எடுத்தவன். நம்ம மலைல ஒண்ணு, சின்னதா, ஒருத்தருக்கும் சேதாரம் இல்லாம வந்தா, அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதலாமுங்க. ஓடிப் போயி ஸ்டாப் ரூம் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். அமெரிக்காப் பட்டியல்ல பாத்தேன். இல்ல. டெல்லிப் பட்டியல்ல பாத்தேன். இல்ல. மூணாவது ஒண்ணு இருக்குது, ஐரோப்பாக்காரன் வச்சிருக்கறது, அதுலயும் இல்லீங்க. சப்புன்னு போயிருச்சு.

சரி, அந்தப் புள்ளைய பயமுறுத்தி வைக்கக் கூடாதில்ல? "பட்டியல்ல இல்ல கண்ணு. பூகம்பம் ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத் தல சுத்தியிருக்கும், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. அப்பாவைத் தைரியமா இருக்கச் சொல்லு"ன்னேன்.

"கதவு சாத்தலையே சார்?"

"மழைக்கு மரம் ஊறிக்கும்."

"ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு தடவை வந்து பாக்கறீங்களா சார்? காலைல வந்துட்டு சாயந்தரம் திரும்பிடலாம்."

ஞாயித்துக்கிழமை எனக்கு எப்படிங்க முடியும்? உங்களுக்குத்தான் சொன்னேனே. "எல்லாம் பக்கத்துல இருக்குது கண்ணு, படி"ன்னு சொல்லி அப்பவே அந்த லிங்க்கையும் அவ போனுக்கு அனுப்பி வுட்டேன். வாத்தியாரு செய்ய வேண்டியதை நான் செஞ்சனுங்களா, இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க.

கண்ணாடிய சித்த இறக்கி வுடுங்க. பனிக்காத்து காதுக்குள்ள போகுது. ஆங், போதும்.

அப்பறம் நடந்ததைப் பேப்பர்லயே நீங்க பாத்திருப்பீங்க. அந்தப் புள்ள நாலு நாளு லைப்ரரில உக்காந்து எம் பக்கத்தைப் படிச்சிருக்குது. பூகம்பத்தை இல்ல, மலைச்சரிவுப் பகுதிய. அதுல ஒரு கையேடு இருக்குதுங்க, எங்கியோ வெளிநாட்டுல போட்டது. மலை எறங்கறதுக்கு முந்தி என்னென்ன அறிகுறி தெரியும்னு வரிசையாப் போட்டிருப்பான். கதவு, சன்னல் திடீர்னு சாத்தாது. தரைல புதுசா வெடிப்பு விடும். கரண்டுக் கம்பம் சாயும். இல்லாத எடத்துல ஊத்துத் தண்ணி வரும். பூமிக்குள்ள சத்தம் கேக்கும். அதுக்கு அடில தமிழ்ல நான்தான் எழுதி வச்சிருக்கேன், 'இவற்றில் இரண்டு சேர்ந்து காணப்பட்டால் உடனே வெளியேறவும்'னு. என் எழுத்துங்க அது. என் கையால எழுதினது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருக்குது. சனிக்கிழமை செவுத்துல புதுசா விட்டிருந்த வெடிப்பு மேல காலண்டர் தாளைக் கிழிச்சு மைதாப் பசை போட்டுக் குறுக்கால ஒட்டி வச்சிருக்குது. அதுவும் எம் பக்கத்துல இருக்கற முறைதான். தாள் கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா ஒட்டின அஞ்சு தாளுல நாலு கிழிஞ்சு கெடக்குது. அன்னிக்கு எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணியிருந்துது. ஞாயித்துக்கிழமை போனைக் கவுத்து வச்சிருப்பேன்னு சொன்னேனில்லீங்களா, அதான் தெரியல.

பதினொரு வீடு. வீடு வீடாப் போயி பொம்பளைங்க கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து தேயிலை எடை போடற ஷெட்ல கொண்டு வந்து வுட்டிருக்குது. மத்தியானம் மூணரை மணிக்கு, மலை மேல இருந்து மண்ணு எறங்கிருச்சு. ஒம்போது வீட்டைக் காணமுங்க. அந்த நேரத்துக்கு நான் நூத்தி எண்பதாவது லிங்க்ல இருந்தேன். ஒரு உசுரு போகல. ஒரே ஒரு ஆளுக்குத்தான் கால்ல அடி.

டிவிக்காரன் மைக்கைக் கொண்டு போயி நீட்டறான். "எப்படிம்மா உனக்கு முன்னாடியே தெரிஞ்சுது?"

"நெட்ல படிச்சேன்"னு சொல்லுச்சுங்க.

நெட்ல படிச்சேன். அவ்வளவுதான். எந்த நெட்டு? யாரு எழுதினது? நானும் வசந்தாமணியும் டிவி முன்னாடி உக்காந்துட்டு இருக்கறோம், இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. ஒவ்வொரு சேனலா மாத்தி மாத்திப் பாத்தேன். எல்லாத்துலயும் நெட்ல படிச்சேன், நெட்ல படிச்சேன். எட்டு வருசமுங்க.

அதோட போயிருந்தாலும் பரவால்ல. எங்க பிரின்சிபால் கூப்பிட்டாரு. நல்ல மனுசன்தான், கல்லு மாதிரி மூஞ்சிய வச்சுக்குவாரு. "பாத்தீங்களா குழந்தைவேலு, புள்ளைங்க நெட்லயே படிச்சுக்குது. நீங்களே எல்லாத்தையும் அங்க போட்டு வச்சிருக்கறீங்க. அடுத்த வருசத்துல இருந்து உங்க பாடத்தை ஆன்லைன்லயே நடத்திக்கலாம்னு நிர்வாகம் யோசிக்குது"ன்னாரு. ஆன்லைன்னா என்னைய வேண்டாம்னு அர்த்தமுங்க. நான் சேத்து வச்சது எனக்கே ஆகாமப் போச்சு.

அம்பத்திரண்டு வயசாகுதுங்க எனக்கு. இனி எந்தக் காலேஜ்ல போயி நிக்கறது? "சார், அந்தப் புள்ளைக்கு வழிகாட்டினதே நான்தானுங்க"ன்னேன். "அப்படின்னா எழுத்துல எதாவது கொண்டாங்க, நிர்வாகக் கூட்டத்துல வைக்கறேன்"னாரு. கூட்டம் நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. அதுக்குத்தான் இன்னிக்கு இந்த மலை ஏறினது. பதினாலு வருசத்துல மொத தடவை.

லெட்டரை நானே டைப் பண்ணிக் கொண்டு போனேன். புள்ளைக்கு எதுக்குச் சிரமம்? 'என் ஆசிரியர் திரு. குழந்தைவேலு அவர்களின் சீரிய வழிகாட்டுதலாலும், அவர் உருவாக்கிய இணையப் பக்கத்தாலும் மட்டுமே பதினொரு குடும்பங்களைக் காப்பாற்ற முடிந்தது' அப்படின்னு. கொஞ்சம் கூடத்தான் இருக்குது. லெட்டர்னா அப்படித்தானுங்களே எழுதோணும்.

இப்ப அந்தப் புள்ள குடும்பம் சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ரூம்ல இருக்கறாங்க. போயிக் கதவைத் தட்டினேன். செல்லையா கட்டில்ல படுத்திருந்தாரு. நான் பேரைச் சொன்னதும், "அடடே, காலேஜ் சாரா! வாங்க சார், வாங்க. பாப்பா, சாருக்கு நாற்காலி எடுத்துப் போடு"ன்னு எந்திரிக்கப் பாத்தாருங்க. ஒரு கால் இல்லைங்கறத மறந்துட்டு எந்திரிக்கப் பாத்தாரு. அப்படியே கட்டில் சட்டத்துல சாஞ்சுட்டாரு. மொழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. கால்ல அடின்னுதானுங்க பேப்பர்ல போட்டிருந்தான், எடுத்தது எனக்குத் தெரியாது. நான் மூணு சாத்துக்குடி வாங்கிட்டுப் போயிருந்தேன். அதைக் கைல வச்சுட்டே நின்னேன்.

அந்தப் புள்ளையோட அம்மா டீ கொண்டாந்து வச்சுது. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, வாங்கன்னு கூடக் கேக்கல. கூச்ச சுபாவம்னு நெனைச்சுக்கிட்டேன்.

செல்லையாதான் பேசினாரு. நல்ல மனுசனுங்க. "பாப்பா எல்லாரையும் கூட்டிட்டுப் போச்சு சார். என்னையும் வா வான்னு அழுதுச்சு. நான்தான் போகல. காலேஜ் சாரே பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரே, அதுக்கு மேல உனக்கு என்ன தெரியும்னு அதைச் சத்தம் போட்டேன். நீங்க தைரியமா இருக்கச் சொன்னீங்கன்னு அதுதான் வந்து சொல்லுச்சு. சரியாத்தான் சார் சொன்னீங்க. நீங்க சொன்னபடி பூகம்பம் வரல. மண்ணுதான் வந்துச்சு."

குத்திப் பேசலீங்க. மனசாரச் சொல்றாரு. எனக்கும் அந்த நிமிசம் ஒரு சந்தோசம். பாரு, படிக்காத மனுசன், இவருக்கு வித்தியாசம் புரியுது, டிவிக்காரனுக்குப் புரியலையேன்னு நெனைச்சேன். அப்படித்தான் நெனைச்சேன். இப்பச் சொல்லும்போது எனக்கே என்னமோ பண்ணுது.

டீயக் குடிச்சுட்டு வெளில வந்தோம். அந்தப் புள்ளைகிட்ட வாசல்ல வச்சுக் கேட்டேன். "டிவில ஏன் கண்ணு எம் பேரைச் சொல்லல?"

"சொன்னா அடுத்து உங்ககிட்ட வந்து கேப்பாங்க சார்."

"கேக்கட்டுமே. கேட்டா நான் எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லியிருப்பேனில்ல?"

"அதான் சார் சொல்லல."

எனக்கு அப்பவும் வெளங்கலீங்க. சின்னப் புள்ளைக்குப் பேசத் தெரியலைன்னுதான் எடுத்துக்கிட்டேன். லெட்டரைக் குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சுது. பேனா இல்லைன்னுச்சு, என் பேனாவையே குடுத்தேன். "சார், கீழ நான் ரெண்டு மூணு வரி சேத்துக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. தாராளமா எழுது கண்ணுன்னேன். நன்றி கின்றி எதாவது எழுதும்னு நெனைச்சேன். செவுத்துல வச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடிச்சு எங்கிட்ட குடுத்துது. பஸ் ஏறற எடம் வரைக்கும் வந்து வழியனுப்பிச்சுது. "பாத்துப் போங்க சார்"னுச்சு.

கோத்தகிரி ஸ்டாண்டுக்கு வந்துதானுங்க பிரிச்சுப் பாத்தேன். இந்தாங்க, இருக்குது. கண்ணாடி போட்டிருக்கறீங்களா? வேண்டாம், நானே படிக்கறேன். எனக்கு மனப்பாடமாயிருச்சு.

'கதவு சாத்தவில்லை என்று திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். பட்டியலில் இல்லை, பூகம்பம் இல்லை என்றார். வந்து பார்க்கக் கூப்பிட்டேன், பக்கத்தில் படிக்கச் சொன்னார். படித்தேன்.'

அவ்வளவுதான். கீழ கையெழுத்து, தேதி. ஒரு வார்த்தை பொய் இல்லீங்க. ஒரு வார்த்தை திட்டு இல்ல. போன் பண்ணினத எழுதல பாருங்க, அதையும் எழுதியிருக்கலாம், எழுதல. அப்பா காலைப் பத்தியும் ஒரு எழுத்து இல்ல. நான் டைப் பண்ணினதுல ஒண்ணையும் அடிக்கல, திருத்தல, அப்படியே வுட்டிருக்குது. மேல என் எழுத்து, கீழ அவ எழுத்து. ஸ்டாண்டுல நின்னுட்டே அழுதுட்டேனுங்க. டீக்கடைக்காரன் என்ன சார்னு கேட்டான், கண்ணுல தூசின்னேன்.

அசதியா இருக்குதுங்க. மலை ஏறி எறங்கினதுல இல்ல. 'வெளியேறவும்'னு நானே எழுதி வச்சிருந்தேன். அது எம் பக்கத்துலதான் இருந்துது. இருநூத்திப் பன்னெண்டையும் வாராவாரம் அமுக்கிப் பாத்தவன், அந்தப் புள்ள கதவு சாத்தலைன்னு சொன்னப்ப அந்த ஒண்ணு ஞாபகத்துக்கு வரலைங்களே எனக்கு. பூகம்பத்தையே தேடிட்டு இருந்திருக்கேன்.

இருந்தாலும் நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். பிரின்சிபால் எழுத்துல கேட்டிருக்கறாரு. இதை வுட்டா எங்கிட்ட வேற காயிதம் இல்ல.

ஏனுங்க, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை எதாவது இருக்குமுங்களா? எழுதினதுக்குக் கீழ, கொஞ்சம் எடம் வுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்குது. நடுவுல இருக்கறது மேல மட்டும் ஒரு வெள்ளைத் தாளை வச்சு மறைச்சு எடுத்தா, மேல இருக்கறதும் கையெழுத்தும் சுத்தமா வரும். யாருக்குத் தெரியப் போகுது? சொல்லுங்க, தெரியுமுங்களா? ஏனுங்க, இத்தன நேரம் நல்லாத்தான கேட்டுட்டு வந்தீங்க, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?